பத்து நாற்பதுக்குப் போன பராக்கா

மார்ச் 5, புதன்

இது நடக்கும் என்று நான் நான்கு வருடத்துக்கு முன்பே சொன்னேன். பராக்கா முதன்முதலாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு இந்த விடுதி வாசலுக்குள் நுழைந்த அன்றைக்கே டீக்கடை நாச்சிமுத்துவிடம், "பாரு மாப்ள, இந்தக் காலேஜுல ஒரு நாளைக்குப் பெருசா ஒண்ணு காணாமப் போகும்" என்றேன். இன்று அவனிடம் கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறான். பொறாமை.

போனது டிரோன். வயலுக்கு மருந்தடிக்கிற பறக்கும் மிஷின். கடைசி வருட மாணவர் மூன்று பேர் எட்டு மாதம் உட்கார்ந்து செய்தது. ஒருவன் பராக்கா, மற்ற இருவர் நம் பக்கத்துப் பையன்கள். நேற்று காலை பத்து மணிக்கு லேபில் இருந்திருக்கிறது, பன்னிரண்டுக்கு இல்லை. வருகிற 21ஆம் தேதி இவர்களுக்கு வைவா. மிஷினைக் காட்டி, கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால்தான் பட்டம்.

காலையில் நிர்வாக அதிகாரி ஏ.ஓ. சார் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். இந்தக் கல்லூரியில் எது நடந்தாலும் என்னைக் கேட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்கள். வெளிநாட்டு மாணவர் விடுதி வாசலுக்கு நான்தான் சூப்பர்வைசர். படிப்பு என்று பார்த்தால் பத்தாம் வகுப்புப் பரீட்சையை மூன்று தடவை எழுதியவன். மற்றவர்கள் ஒரு தடவைதான் எழுதியிருக்கிறார்கள்.

விடுதியில் ஆப்பிரிக்காக்காரர்கள் நான்கு பேர், நேபாளத்துப் பையன்கள் ஆறு பேர். வெளியே போனால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி ஆப்பிரிக்காக்காரர்களுக்கு மட்டும். ஏனென்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

ஏ.ஓ. பதிவேட்டைப் பிரித்தார். மார்ச் 4, பராக்கா, வெளியே 10.40, உள்ளே 12.05. என் கையெழுத்து முத்து மாதிரி இருந்தது.

"நீ பார்த்தியா சென்னியப்பா?"

"என்ற ரெண்டு கண்ணால பார்த்தனுங் சார்."

"கையில ஏதாச்சும் இருந்துச்சா?"

"தோள்ல பெரிய பைங் சார். மூணு தடவ திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே போனான்."

வாசல் கேமரா போன மழையிலிருந்து இருட்டை மட்டும்தான் காட்டுகிறது. அதனால் என் கண்தான் கேமரா என்று ஏ.ஓ. சொன்னார். சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் பார்த்தார்.

நேற்று டைரி எழுதாததற்குக் காரணம் வேலை. பத்து மணிக்கு சிலிண்டர் வந்துவிட்டதென்று வீட்டிலிருந்து என் சம்சாரம் சரசாள் போன் போட்டாள். போய் இறக்கி, மாட்டி, வாசர் சரியில்லாமல் மாற்றி, சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்து, வழியில் போண்டா இரண்டு தின்று திரும்ப பதினொன்றே கால் தாண்டிவிட்டது.

மார்ச் 6, வியாழன்

நாச்சிமுத்து கடையில் கூட்டம். நான் போகும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. உட்கார்ந்ததும் கேட்டார்கள். சொன்னேன். பைக்குள்ளிருந்து மிஷினின் இறக்கை ஒன்று துருத்திக்கொண்டிருந்ததையும் சொன்னேன்.

நாச்சிமுத்து டீயை ஆற்றிக்கொண்டே, "ஏனுங் மாமா, நேத்து பையி மட்டுந்தான இருந்துச்சு. இன்னிக்கு றெக்கை மொளச்சிருச்சா?" என்றான்.

"நேத்து நீ முழுசாக் கேக்கல."

"அதுசரி. தான் செஞ்ச மிஷின தானே எதுக்குங் திருடறான்?"

"அவங்க நாட்டுல அப்படித்தான்டா. எனக்குத் தெரியும்."

எனக்கு ஆப்பிரிக்காவைப் பற்றி நிறையத் தெரியும். இலங்கைக்கு அடுத்து இரண்டாவதாக வருவது. பராக்கா தான்சானியா. செயுன் நைஜீரியா, ஆறடிக்கு மேல் இருப்பான். தென்டாய் ஜிம்பாப்வே. நான்காமவன் பெயர் வாயில் நுழையாது. பராக்கா என்பது மட்டும்தான் எழுதச் சுலபமான பெயர், பராக்குப் பார்ப்பது மாதிரி. அதனால் பதிவேட்டில் அநேகமாக அதையே எழுதிவிடுவது. நால்வரும் ஒரே நிறம்தானே.

இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன், பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படும். மற்ற வாட்ச்மேன்கள் ஆள் போகும்போதெல்லாம் எழுந்து எழுந்து எழுதுவார்கள். நான் அப்படியில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் அன்றைய பக்கம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பக்கம் காலியாக இருந்தால் ஏ.ஓ. சத்தம் போடுவார். காலியாக விட்டதே இல்லை.

மார்ச் 7, வெள்ளி

விசாரணை. சமவாய்ப்புக் குழு என்று ஒன்று இருப்பது இன்றுதான் தெரிந்தது. தலைவி மரகதவல்லி மேடம், எலக்ட்ரானிக்ஸ். கூட ஏ.ஓ. சாரும், லேப் பொறுப்பாளர் சண்முகவடிவேல் சாரும்.

பராக்கா வந்து நின்றான். குள்ளம். கண்ணாடி. நான்கு வருடம் மெஸ்ஸில் சமையல்காரர்களோடு பேசிப் பேசி அவனுக்கு நம் பேச்சு அப்படியே வந்துவிட்டது. தினமும் வாசலில் "ஏனுங் அங்கிள், சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். ஊர்க்காரர்கள் கேட்டால் நான் சொல்லிக்கொடுத்தது என்பேன்.

"நான் லைப்ரரில இருந்தனுங் மேடம்," என்றான். "பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும். வெளியவே போகலீங்."

நூலகரைக் கூப்பிட்டார்கள். அவர் நல்ல மனிதர், பொய் சொல்ல மாட்டார். "அவங்கள்ல ஒருத்தர் இருந்தாருங்க. அது யாருன்னு எப்படிங்க சொல்றது?" என்றார்.

அடுத்து நான். பை, மூன்று தடவை திரும்பிப் பார்த்தது, இறக்கை, எல்லாம் சொன்னேன். "ஆறடி ஆளு, தலை கேட்டுல இடிக்கிற மாதிரி குனிஞ்சு போனான்" என்றும் சேர்த்தேன். மேடம் பராக்காவை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், ஏதோ குறித்துக்கொண்டார். நன்றாகச் சொன்னேன் என்று குறித்திருப்பார்.

மற்ற இரண்டு பையன்களையும் யாரும் விசாரிக்கவில்லை. அவர்களை எனக்குத் தெரியும், நல்ல குடும்பம்.

விசாரணை முடியும்வரை பராக்கா சஸ்பெண்ட். வகுப்பும் கிடையாது, வைவாவும் கிடையாது. வைவா தவறினால் பட்டம் போகும். விசா ஜூனில் முடிகிறதாம், அடுத்த வருடம் வந்து எழுதலாம் என்பதெல்லாம் அவனுக்கு இல்லை. அவன் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான். அழுக்கே இல்லாத கண்ணாடி.

மார்ச் 9, ஞாயிறு

கறி எடுத்தோம். எலும்புதான் அதிகம்.

மார்ச் 10, திங்கள்

என் பேச்சு வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றுகிறது. "நேரில் பார்த்தவர் சொன்னது" என்று போட்டிருக்கிறார்கள். என் பெயரைப் போடவில்லை, வருத்தம்தான். நான் சொல்லாத போதை மாத்திரை வேறு அதில் சேர்ந்திருக்கிறது. இந்தக் காலத்தில் சொன்னதைச் சொன்னபடி சொல்ல ஆளே இல்லை.

செயுன் முடி வெட்டப் போய், வெட்டாமலே திரும்பி வந்தான். கடையில் கத்தரி ரிப்பேராம். நாலு நாற்காலி, நாலு கத்தரி உள்ள கடை.

மத்தியானம் அவன் மறுபடி வெளியே போய் வந்தபோது சட்டை முதுகெல்லாம் மோர். பேருந்து நிறுத்தத்துப் பக்கம் வழுக்கி விழுந்திருப்பான். கேட்டேன். "ஒன்றுமில்லை அங்கிள்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். முதுகில் மட்டும் மோர் படுகிற மாதிரி எப்படி விழுந்தான் என்பதுதான் புரியவில்லை.

வாசல் குழாயைத் திறந்துவிட்டேன். கழுவிக்கொண்டான்.

மார்ச் 12, புதன்

பிரின்சிபால் சார் நல்ல யோசனை சொல்லியிருக்கிறார். கல்லூரிக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதென்று வெள்ளிக்கிழமை 'நாம் அனைவரும் ஒன்று' என்று விழா. பேனர் அடித்தாகிவிட்டது. ஆப்பிரிக்கப் பையன்கள் நால்வரும் இலை கட்டி ஆட வேண்டும். பச்சைக் காகிதத்தில் இலை வெட்டுகிற வேலை எனக்கு. அறுபது இலை வெட்டினேன். நிஜ இலையே தோற்றுப்போகும்.

தென்டாய் இலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் அப்பா அங்கே பல் டாக்டராம். பயலுக்குச் சதுரங்கம்தான் தெரியும், ஆடத் தெரியாதாம்.

பராக்கா மரகதவல்லி மேடத்திடம், "சஸ்பெண்ட் பண்ணுன ஆளு போட்டோல நிக்கலாமுங்களா மேடம்?" என்று கேட்டான். கிண்டலா, நிஜமாகவே கேட்டானா என்று தெரியவில்லை. மேடம் இலைகளை வாங்கி மேசைக்கு அடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அறுபது இலை.

மார்ச் 13, வியாழன்

லேப் பக்கம் கூட்டுகிற குருவம்மா டீக்கு வந்தவள் என்னிடம் நின்றாள்.

"ஏனுங்க, அந்தப் பறக்கற மிஷினு தொலஞ்சு போச்சுன்னு அந்தக் கண்ணாடிப் பையனப் புடிச்சு வச்சிருக்காங்களா?"

"ஆமா."

"அது வெள்ளக் காருல ஏறிப் போச்சுங்களே. நம்ம லேப் சாரு மச்சினரு வந்து எடுத்துட்டுப் போனாரு. நான்தான் கதவப் புடிச்சுக்கிட்டேன்."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"என்னைய யாருங்க கேட்டா?" என்றாள். "பொறவு நீங்க கண்ணால பார்த்தேன்னு சொல்லிப்புட்டீங்களாமே. கூட்டறவ சொல்லு எடுபடுமுங்களா?"

அவளுக்குக் கண்ணில் புரை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

விழா நடந்தது. நான்கு பேரும் ஆடவில்லை. முதல் வருடப் பையன்கள் நான்கு பேருக்கு முகத்தில் கரியைப் பூசி, இலையைக் கட்டி ஆட விட்டார்கள். மரகதவல்லி மேடம் பாதியில் எழுந்துபோய்விட்டார். தலைவலி போல. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பின்வரிசையில் பராக்கா உட்கார்ந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சரசாளிடம் சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, "அந்த மிஷினு என்னிக்குங் போச்சு?" என்றாள்.

"நாலாந்தேதி."

"சிலிண்டர் வந்த அன்னிக்கு."

"அன்னிக்கேதான்னு வச்சுக்க."

"பத்து நாப்பதுக்கு நீங்க அடுப்புக்கு முன்னால சோப்புத் தண்ணி ஊத்திட்டு இருந்தீங்க. நான் டார்ச்சு புடிச்சேன்."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"வாய்க்கு வந்தத அடிச்சுவிடறது உங்களுக்கு ஒண்ணும் புதுசில்ல," என்றாள். "யானை மேல உக்காந்து படிக்கப் போனேன்னு சொன்னீங்க, சரின்னு விட்டேன். யானைக்கு வைவா இல்ல."

"கருப்பனுகளப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"பொண்ணு பார்க்க நீங்க வந்தப்ப எங்கம்மா என்ன சொன்னாங்கன்னு தெரியுமா? 'மாப்பிள்ளையக் கூட்டிட்டு வரச் சொன்னா அடுப்புக்கரிய மூட்டையாக் கட்டிட்டு வந்திருக்காங்க'ன்னாங்க. முப்பத்தோரு வருசமா உங்ககிட்ட இத நான் சொன்னதில்ல."

ரசம் நன்றாக இருந்தது. இரண்டாவது தடவை கேட்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

டிரோன் கிடைத்துவிட்டது! ஸ்டோர் ரூம் அலமாரிக்குப் பின்னால் இருந்ததாகச் சண்முகவடிவேல் சார் தூக்கிக்கொண்டு வந்தார். பூச்சிமருந்து வாடை பத்தடி தூரம் அடித்தது. இறக்கையில் கரும்புச் சோகை சுற்றியிருந்தது. ஸ்டோர் ரூமில் கரும்பு விளைகிறது என்று எனக்குத் தெரியாது.

இனி பராக்காவை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஏ.ஓ. சார், "பயந்துபோயி கொண்டுவந்து வச்சிட்டான்" என்றார். "தூக்கிட்டுப் போனத நம்ம சென்னியப்பன் பார்த்திருக்காரில்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேனா, கழுத்து வலிக்கு அசைத்தேனா என்று இப்போது நினைவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மரகதவல்லி மேடம் வாசலுக்கே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வருடப் பதிவேட்டையும் எடுக்கச் சொன்னார். நான் மோர் வாங்கி வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"ஒரு வருசத்துல பராக்கா இருநூத்துப் பதினாறு தடவ வெளிய போயிருக்கான். செயுன் ஒரு தடவகூடப் போகல."

"செயுன் அடக்கமான பையனுங் மேடம்."

"அவன் மோர் அபிஷேகத்தோட திரும்பி வந்த அன்னிக்கும் பராக்கான்னுதான் இருக்கு."

நான் தொப்பியைச் சரிசெய்தேன்.

"பொங்கலுக்கு விடுதிய இழுத்துப் பூட்டியிருந்தாங்க. அன்னிக்கும் பத்து நாப்பதுக்குப் பராக்கா வெளிய போயிருக்கான்."

"செவுரேறிக் குதிச்சிருப்பானுங்."

"குதிக்கறவன் உங்ககிட்ட நேரம் சொல்லிட்டா குதிச்சான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடம் சிரிக்கவில்லை. பதிவேட்டை மூடினார்.

"இந்த நோட்ட நான் குப்பைனு ஒதுக்கிடுவேன், சென்னியப்பன். ஆனா கண்ணால பார்த்தேன்னு சொன்னீங்களே, அத எப்படி ஒதுக்கறது? கமிட்டில மத்தவங்க அதத்தான் புடிச்சுட்டு நிக்கறாங்க. வெள்ளிக்கிழம வைவா. வியாழக்கிழம காலைல பத்து மணிக்கு, அன்னிக்கு என்ன பார்த்தீங்கன்னு உங்க கைப்பட எழுதிட்டு வாங்க. அவ்வளவுதான்."

எனக்கு எழுத வராது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

மார்ச் 19, புதன்

எழுதிப் பார்த்தேன். முதல் தாளில் பை நன்றாக வந்தது. பைக்கு நீல நிறம் கொடுத்தேன், ஜிப் கொடுத்தேன். அப்புறம் அவன் முகத்தை எழுத வேண்டியிருந்தது. முகம் வரவில்லை. அந்தக் கண்ணாடியும் துடைக்கிற துணியும்தான் வந்தன. கிழித்தேன். இரண்டாவது தாளில் யாரையோ தூரத்திலிருந்து பார்த்ததாக எழுதினேன். அப்படி எழுதினாலும் அவன் தலையில்தான் போய் விடிந்தது. அதையும் கிழித்தேன்.

சாயங்காலம் பராக்கா வந்தான். தபால் நிலையத்துக்குப் போக வேண்டும் என்றான். பதிவேட்டில் அவனே எழுதட்டுமா என்று கேட்டான். கொடுத்தேன். நான்கு வருடத்தில் முதல் தடவை. நேரம் 5.10 என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினான். கொட்டை எழுத்தில் தமிழில் பராக்கா என்று எழுதி, பக்கத்தில் அவன் அப்பா பெயரையும் எழுதினான். அவனுக்கு அப்பா பெயர் ஒன்று உண்டு என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஏனுங் அங்கிள், அன்னிக்கு நீங்க என்னையப் பார்த்தீங்களா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. பேருந்து போய்விட்டதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான். "எனக்கே சந்தேகமா இருக்குதுங். எல்லாரும் சொல்றாங்க. நான் லைப்ரரில தூங்கி, தூக்கத்துலயே நடந்து போயிட்டனோன்னு."

நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினேன்.

"சாப்ட்டியா?" என்றேன்.

"இல்லீங்," என்றான். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு அவன் இல்லை என்று சொன்னதில்லை.

மார்ச் 20, வியாழன்

காலை சிலிண்டரில் வாடை வந்தது. வாசரை மறுபடி மாற்றினேன். தூதுவளை வாங்கி வரச் சொன்னாள் சரசாள். மறந்துவிட்டேன்.

பத்து மணிக்குத் தாளைக் கொடுத்தேன். மேடம் சத்தமாக வாசித்தார். ஏ.ஓ. சார், "யோவ், விளையாடறியா?" என்று எழுந்தார். எல்லோரும் கை தட்டினார்கள் என்று எழுத ஆசைதான். யாரும் தட்டவில்லை.

குருவம்மா என்னிடம் சொன்ன வெள்ளைக் கார் சங்கதியை நான் வாயால் சொன்னேன். அவளைக் கூப்பிட்டார்கள். மேடம் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரத் தெரியாதவள் மாதிரி நுனியில் உட்கார்ந்தாள். வெள்ளைக் கார், மச்சினர், கதவு, எல்லாம் சொன்னாள். ஒரு வார்த்தை கூடவுமில்லை, குறையவுமில்லை. அப்படியும் பேச முடியும் போலிருக்கிறது.

சண்முகவடிவேல் சாருக்கு அறிவுரை கொடுத்தார்களாம். எனக்கு வாசல் போய்விட்டது. நாளையிலிருந்து மோட்டார் ரூம். அங்கே பதிவேடு கிடையாது, தண்ணீர் வருகிறதா இல்லையா என்பதுதான். வாசல் பதிவேட்டை மேடம் எடுத்துப் போய்விட்டார். இனி விடுதியில் யார் வெளியே போனாலும், நேபாளமோ தான்சானியாவோ, ஒன்று எல்லோரும் எழுத வேண்டும், இல்லையென்றால் யாரும் எழுதத் தேவையில்லை என்று மேடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். இன்னும் முடிவாகவில்லை.

பராக்காவுக்கு நாளை காலை ஒன்பதரைக்கு வைவா. மருந்து வாடை போக மிஷினைக் கழுவிக்கொண்டிருந்தான், வாசல் குழாயில். செயுன் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். மற்ற இரண்டு பையன்களும் சோகையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். சாப்ட்டீங்களா என்று கேட்கவில்லை. கேட்டான் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். கேட்கவில்லை.

கொடுத்த தாளில் இருந்ததை இங்கேயும் எழுதி வைக்கிறேன். அதில் ஐந்து வரிதான்.

மார்ச் 4 காலை 10.40க்கு நான் விடுதி வாசலில் இல்லை. என் வீட்டில் சிலிண்டர் மாட்டிக்கொண்டிருந்தேன். பதிவேட்டில் உள்ளதை மாலை ஐந்து மணிக்கு, பக்கம் காலியாக இருக்கக் கூடாதென்று நானாக எழுதினேன். பராக்காவையோ வேறு யாரையோ நான் பார்க்கவில்லை. பை என்று ஒன்று கிடையாது.